இலை போடாத சாறு

ஆய்வகத்தில் யாராவது கத்தினால் "என்ன உடைந்தது?" என்றுதான் எல்லோரும் ஓடி வருவார்கள். எனக்கு அப்படியில்லை. இலையையும் வேரையும் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்தே காலத்தை ஓட்டியவள் நான். குடுவை உடையும் சத்தமும் எனக்குத் தெரியும். குடுவைக்குள் ஏதோ ஒன்று அகப்பட்டுவிட்டபோது மனுஷர்கள் போடும் சத்தமும் தெரியும். அந்த இரண்டாவது சத்தத்தைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். புத்தி சொல்ல ஏகப்பட்ட பேர் காத்திருப்பார்கள். அவசரப்படாதே, ஆசைப்படாதே, முகத்தை உம்மென்று வைத்துக்கொள், அதுதான் விஞ்ஞானிக்கு அழகு என்பார்கள். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுங்கள். ஒரு செடி இத்தனை காலமும் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த பொருளை முதல் ஆளாக நீங்கள் பார்க்கிறீர்கள். அப்போதும் கத்தத் தோன்றவில்லை என்றால் உங்களுக்கு இந்த வேலை எதற்கு?

கத்துங்கள். ஆனால் என் மாணவி அஞ்சலை கத்தின மாதிரி கத்துங்கள். அவள் மூன்று தடவை கத்தினாள். முதல் தடவை எல்லோரும் கத்துவது போலத்தான். இரண்டாவது தடவை கத்தினபோது இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்போது தொண்ணூறுகளின் பிற்பகுதி. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் பேராசிரியை. ஆய்வகத்து ஜன்னலைத் திறந்தால் மின்சார ரயில் போகிற சத்தம் உள்ளே வரும், மூடினால் கரைப்பான் வாடை மூக்கைத் துளைக்கும். அஞ்சலை என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்துப் பெண். அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர்.

கல்லூரிக்கு வந்த புதிதில் இருக்கிறது என்பதற்கு அவள் "கீது" என்று சொன்னால் கூடப் படித்தவர்கள், "கீதாவா? எந்தக் கீதாடி?" என்று சீண்டுவார்கள். அதனாலேயே பிடிவாதமாகப் புத்தகத் தமிழைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் பேசும்போது "இருக்கிறது, மேடம்", "செய்துவிட்டேன், மேடம்" என்று இஸ்திரி போட்ட மாதிரி வரும். கோபம் வந்தாலோ சந்தோஷம் தாங்கவில்லை என்றாலோ இஸ்திரி கலைந்துவிடும். எனக்கு அந்தக் கலைந்த தமிழ்தான் பிடிக்கும்.

அவள் எடுத்துக்கொண்ட செடி, மணலில் படர்ந்து கிடக்குமே, ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக, அந்த அடப்பங்கொடி. வலையில் சொறிமீன், அதுதான் ஜெல்லி மீன், சிக்கிக் கையில் பட்டுவிட்டால் நெருப்புப் பட்டது போல எரியும். அவர்கள் குப்பத்தில் சிலர் அடப்பங்கொடி இலையைக் கசக்கித் தேய்ப்பார்கள்.

"எங்கப்பா இலைதான்னு அடிச்சு சொல்லுவாரு, மேடம். எங்க சித்தப்பா, 'போய்யா, கடல் தண்ணிய ஊத்து, தன்னால அடங்கும்'னுவாரு. ரெண்டு பேருக்கும் இதுல சண்டையே வரும்" என்றாள் அஞ்சலை.

சண்டையைத் தீர்த்துவைக்கலாம் என்று நாங்கள் இறங்கினோம்.

செய்முறையெல்லாம் உங்களுக்கு அத்துபடி, அதற்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த இலைத்தூளை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் ஹெக்சேனில் ஊறப்போடுவோம். ஹெக்சேன் என்றால் பெட்ரோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய்ப் பசை எங்கே இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். நிரம்பிய ஜாடியைத் தூக்கிச் சாய்க்க எங்கள் இருவராலும் முடியாது. அதனால் ஒரு டியூபை உள்ளே விட்டு, சாற்றைக் கீழே இருக்கும் குடுவைக்கு இறக்குவோம். செங்கல்பட்டுப் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கிய சாதாரண பிளாஸ்டிக் டியூப். உள்ளே ஓடுவது வெளியே தெரியும்.

சாற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் நிறமில்லாத ஓர் எண்ணெய்த் துளி தனியாக வந்தது. மருந்துக் குணம் உண்டா என்று பார்க்க அதைக் கிருமி வளர்த்த தட்டில் வைத்தாள். மறுநாள் காலை நான் வகுப்பிலிருந்து வருகிறேன், வராந்தாவின் கோடி வரைக்கும் கேட்கிறது அவள் குரல்.

"கீது, மேடம்! வட்டம் கீது! வந்து பாருங்க, எவ்ளோ பெருசா கீது!"

துளி வைத்த இடத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் பளிச்சென்று ஒரு வட்டம். நானும் கத்தினேன், மறைப்பானேன்? பேராசிரியை என்பதெல்லாம் மறந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். பௌதிகத் துறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அடுத்தது அந்தத் துளியின் ஜாதகம். நம் தொழிலில் என்.எம்.ஆர். என்ற கோட்டுப்படம்தான் ஜாதகம். அந்தக் கருவி அப்போது எங்களிடம் இல்லை. குப்பியைத் துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்து, மின்சார ரயிலில் நெரிசலுக்கு நடுவே மடியில் அணைத்தபடி அஞ்சலை சென்னைக்குக் கொண்டுபோவாள். வாரக்கணக்கில் காத்திருந்து படத்தை வாங்கி வருவாள். அந்தப் படம் அழகாக இருந்தது. படித்துப் பார்த்தால் மூலக்கூறில் ஒரு வளையம், அதிலிருந்து இரண்டு எண்ணெய் வால்கள். நூலகத்தில் தேடினோம். அதே பொருளை வேறொரு செடியில் கண்டதாக ஒரு மூத்த வேதியியலாளர் எழுதியிருந்தார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மனிதர் ஒருவர் கண்டெடுத்த பொருள் எங்கள் மணல்மேட்டுக் கொடியிலும் இருக்கிறது!

இங்கேதான் கதையில் முடிச்சு விழுகிறது. அஞ்சலையின் ஆராய்ச்சி உதவித்தொகை அந்த வருஷத்தோடு முடிகிறது. நீட்டிப்புக் கிடைத்தால் ஆய்வை முடித்துப் பட்டம் வாங்கலாம். கிடைக்காவிட்டால் செய்த அத்தனையையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஊருக்குப் போகவேண்டியதுதான். அதை முடிவு செய்கிற குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? அதே மூத்த வேதியியலாளர். மாமல்லபுரத்தில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் தாவர வேதியியல் கருத்தரங்கு வந்தது. அவர் அதற்கு வருகிறார், அஞ்சலையின் பேச்சை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கப்போகிறார், கேட்டுவிட்டு நீட்டிப்பு பற்றிச் சொல்வார் என்று தகவல் வந்தது.

கருத்தரங்கின் முதல் நாள் காலை அவரே என்னைத் தேடி வந்தார். மெலிந்த, உயரமான மனிதர். சிரிப்பில் சிக்கனம் பிடிப்பவர் என்று பேர். அன்று சிரித்தார்.

"உங்க பொண்ணு என்னோட பொருளையே புடிச்சிருக்காளாமே! நாளைக்குக் கேட்க ஆவலா இருக்கேன்" என்றார்.

அஞ்சலையிடம் சொன்னேன். அவள் தரையில் நடக்கவில்லை. அவ்வளவு பெரிய மண்டபத்தில், குளிர் எந்திரத்தின் உறுமலுக்கு நடுவே, அடுத்த நாளுக்கான புரொஜெக்டர் தாள்களை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். பேனாவால் வளையமும் வாலுமாக அந்த மூலக்கூறை அவ்வளவு அழகாக வரைந்திருந்தாள்.

தேநீர் இடைவேளையில் காற்று வாங்க வெளியே வந்தோம். ஓட்டலுக்கு எதிரே சாலையோரத்தில் ஒரு சிற்பக்கூடம். மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் கேட்காத தெரு ஏது? இரண்டு பேர் ஒரு பெரிய பீடத்துக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் நிரப்பிய நீளமான டியூபின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார்களே, அந்த வேலை.

"அண்ணாத்த, கொஞ்சம் மேல தூக்கு. போதும், போதும். அப்டியே நில்லு."

நான் கண் திறக்காத ஒரு பிள்ளையார் சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் அஞ்சலை அந்த டியூபையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் அது தரையில் கிடந்து பாம்பு மாதிரி நெளிந்தது. அவள் போய்க் குனிந்து அதைக் கையில் எடுத்தாள். மடக்கினாள். விட்டாள். திரும்ப மடக்கினாள்.

"தங்கச்சி, உட்டுரும்மா, தண்ணி ஆடுது பாரு" என்று சிற்பி சத்தம் போட்டார்.

"அண்ணா, இது எப்ப வாங்குனது?"

"அது கெடக்குது, வருஷக்கணக்கா. இன்னாத்துக்குக் கேக்குற?"

"எங்க வாங்குனீங்க?"

"செங்கல்பட்டுல. பழைய பஸ் ஸ்டாண்டாண்ட ஹார்டுவேர் கடெ கீதே, அங்க."

அஞ்சலையின் முகம் போன போக்கை என்னால் விவரிக்க முடியவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், நம்ம டியூபும் அதே கடைதான். வாங்கி ஒரு வருஷங்கூட ஆகல. ஆனா நம்மளது இப்ப குச்சி மாதிரி நிக்குது. போன வாரம் ஜாடிக்குள்ள வுடறதுக்கு வளைக்கவே முடியாம வெந்நீர்ல முக்கி முக்கி வளைச்சேன்."

"உங்களுக்கு டூப்ளிகேட் சரக்கைத் தள்ளியிருப்பான்மா. அந்த ஆளு அப்டித்தான்" என்றார் சிற்பி, எங்களைத் தேற்றுகிற மாதிரி.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "இதுக்குள்ள தண்ணிதான் ஓடுது. நம்மளதுக்குள்ள ஹெக்சேன் ஓடுது. டியூபு மொதல்ல மெத்துனு இருந்துச்சு, மேடம். அந்த மெத்துன்றது எங்க போச்சு?"

பிளாஸ்டிக் டியூப் மெத்தென்று இருப்பதற்கு அதில் ஓர் எண்ணெயைச் சேர்ப்பார்கள் என்பது வேதியியல் படித்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாடப் புத்தகத்தில் அது ஒரு பக்கத்தில் இருக்கும், செடிச் சாறு வேறு பக்கத்தில் இருக்கும். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றியதில்லை. மெத்தென்று இருந்தது எங்கே போயிருக்கும்? எங்கள் குப்பிக்குள் போயிருக்கும். டிபன் பாக்ஸில் மடியில் அணைத்துச் சென்னைக்குக் கொண்டுபோன அதே குப்பி.

"இருக்காதுடி" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"இருக்கான்னு பாத்துரலாம், மேடம். இலை போடாம ஒரு சாறு எடுக்கலாம்."

சிற்பியிடம் டியூபில் கொஞ்சம் கேட்டாள். அவர் முறைத்தார். "மட்டம் பாக்குற சாமானைப் போய்க் கேக்குறியே" என்று முணுமுணுத்துவிட்டு, கடைசியில் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார். எதற்கென்று கேட்டதற்கு, "வளையுதான்னு பாக்கணும்ணா" என்றாள் அஞ்சலை. படிச்சவங்களுக்கு இன்னா பேஜாரோ என்கிற பார்வையோடு அவர் பீடத்துக்குத் திரும்பிவிட்டார்.

மதிய விருந்தில் வஞ்சிரம் வறுவல் இருப்பதாகக் காலையிலிருந்தே பேச்சு. அதை விட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த வறுவல் எனக்கு இன்னும் மனக்குறைதான். திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து ஆடி ஆடிப் போனது. வழியெல்லாம் அஞ்சலை அந்த ஒரு முழம் டியூபை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் வந்தாள். இப்படிப்பட்ட பயணம் உங்களுக்கும் ஒரு நாள் வாய்க்கும். பயமாக இருக்கும். ஆனால் அந்தப் பயத்துக்குள் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்ற பரபரப்பு ஒன்று துள்ளும். அது துள்ளுகிறதா என்று கவனித்துக்கொள்ளுங்கள். துள்ளினால் சரியான தொழிலுக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

ஆய்வகத்தில் அவள் வேலையில் இறங்கினாள். டியூபைக் கழுவித் துடைத்து இரண்டாக வெட்டினாள். ஒரு பாதியை மேசை மேல் வைத்தாள். மறுபாதியைக் கண்ணாடிக் குவளையில் ஹெக்சேனில் முக்கினாள். இலை இல்லை, தூள் இல்லை, ஒன்றுமில்லை. டியூபும் ஹெக்சேனும் மட்டும். காத்திருந்தோம். பிறகு டியூபை எடுத்து உலரப் போட்டுவிட்டு, ஹெக்சேனை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வெந்நீர்த் தொட்டியின் மேல் வைத்து ஆவியாக்கினாள். கிண்ணத்தின் அடியில் ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று நான் எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டேன்.

மிஞ்சியது. நிறமில்லாத ஓர் எண்ணெய்த் துளி.

அதை ஒரு கண்ணாடித் தகட்டில் புள்ளி வைத்தாள். பக்கத்திலேயே எங்கள் அடப்பங்கொடிப் பொருளையும் புள்ளி வைத்தாள். தகட்டின் அடியைக் கரைப்பானில் நிறுத்தினால், இரண்டும் ஒன்றென்றால் ஒரே உயரத்துக்கு ஏறும். கரைப்பான் ஏறி முடிந்ததும், புள்ளிகள் கண்ணுக்குத் தெரிவதற்காகத் தகட்டை எடுத்து அயோடின் ஜாடிக்குள் இறக்கினாள். மூக்கு கண்ணாடியில் இடிக்க இடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் எங்கள் பொருளின் பழுப்புப் புள்ளி மெல்லத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், இம்மி பிசகாமல் அதே உயரத்தில், இன்னொன்று.

"கீது, மேடம்!"

அவள் கத்தினாள். என் காதருகே, அடிவயிற்றிலிருந்து.

"கீது! கீது! இலையே போடல, ஆனா கீது பாருங்க! அங்கியும் கீது, இங்கியும் கீது!"

நான் அவளையே பார்த்தேன். அவள் உழைப்பெல்லாம் அந்த ஜாடிக்குள் மூழ்கிப்போய்க்கொண்டிருந்தது. அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவள் முகம் வட்டம் கிடைத்த நாளில் இருந்த அதே முகம்தான். அதே சத்தம், அதே குதிப்பு. உலரப் போட்டிருந்த டியூப் பாதியை எடுத்து மேசையில் தட்டினாள். டக் டக் என்றது. பேருந்தில் விரலில் சுற்றிக்கொண்டு வந்த டியூப்.

பிறகுதான் அவளுக்கு மெதுவாக உறைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்தாள். புத்தகத் தமிழ் திரும்பி வந்தது.

"நாளைக்குப் பேச வேண்டுமே, மேடம்."

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "உனக்குக் காய்ச்சல். நான் கடிதம் கொடுத்துவிடுகிறேன். பேச்சை விலக்கிக்கொள்வோம். பொய்யும் சொல்ல வேண்டாம், மானமும் போக வேண்டாம்."

"காய்ச்சல் பொய் இல்லையா, மேடம்?"

"சின்னப் பொய்டி. அந்தப் பெரியவர் முகத்துக்கு நேரே உங்கள் பொருளும் டியூப்தான் என்று சொல்லப் போகிறாயா? நீட்டிப்பில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். எனக்கு அவள் மேல் பாசமும் கோபமும் ஒன்றாக வந்தன. பிறகு சொன்னாள்:

"நாளைக்கு அந்த ஹாலுக்கு எத்தினி பேரு வருவாங்க, மேடம்? அவங்க ஒவ்வொருத்தரு லேப்லயும் ஒரு டியூபு கீது. அதுல எத்தினி டியூபு வளையாம நிக்குதுன்னு நமக்குத் தெர்ல. அவங்களுக்கும் தெர்ல. இத்த தெரிஞ்சிகினு நான் எப்டி வூட்ல காய்ச்சல்னு படுத்துக்கெடக்குறது?"

காய்ச்சல் கடிதத்துக்கென்று எடுத்த தாளை மேசைக்குள் திரும்பப் போட்டேன்.

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அந்தப் புரொஜெக்டர் தாள்களைத் துடைக்க ஆரம்பித்தாள். முடிவுரை போனது, பயன்கள் போயின. வளையமும் வாலும் வரைந்த தாளை மட்டும் துடைக்கவில்லை.

"இது இருக்கட்டும், மேடம். பொருள் உண்மைதானே. முகவரிதான் தப்பு."

மறுநாள் அவள் மேடையில் ஏறினாள். முன்வரிசையில் பெரியவர் கால்மேல் கால் போட்டு வசதியாகச் சாய்ந்திருந்தார். அஞ்சலை செடியைக் காட்டினாள். வட்டத்தைக் காட்டினாள். மூலக்கூறைத் திரையில் போட்டதும் பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொல்லிப் புன்னகைத்தார்.

அப்போது அவள் கைப்பையிலிருந்து டியூபின் ஒரு பாதியை எடுத்து நுனியைப் பிடித்து உயர்த்தினாள். அது துவண்டு தொங்கியது. மறுபாதியை எடுத்து அதேபோல் பிடித்தாள். அது ஊதுவத்தி மாதிரி விறைத்து நின்றது.

"நேற்று காலை இவை இரண்டும் ஒரே டியூப்" என்றாள். "இதை மட்டும் ஹெக்சேனில் போட்டேன். இலை போடவில்லை. இதிலிருந்து என்ன வந்தது என்று பாருங்கள்."

அயோடின் ஏறிய தகட்டைப் புரொஜெக்டரின் வெளிச்சத்தில் வைத்தாள். இரண்டு புள்ளிகள், ஒரே உயரம்.

சாதாரணமாகக் கேள்வி கேட்பதற்கென்றே கருத்தரங்குக்கு வருகிறவர்கள் கூட வாயைத் திறக்கவில்லை. கிருமித் தட்டில் டியூப் எண்ணெயையும் வைத்திருப்பதாகவும், வட்டம் வருமா என்று இன்னும் தெரியாது என்றும் அஞ்சலை சொன்னாள்; தெரியாததைத் தெரியாது என்றே சொன்னாள்.

பெரியவர் காலைக் கீழே இறக்கினார். அவர் குரல் தணிந்து வந்தது.

"அப்படின்னா, உன் செடியில என்னதான்மா இருக்கு?"

அஞ்சலை டியூபைக் கீழே வைத்தாள். இஸ்திரி மொத்தமாகக் கலைந்துவிட்டது.

"செடியில இன்னா கீதுன்னு இன்னும் தெர்ல, சார். டியூபுல இன்னா கீதுன்னு தெரிஞ்சிபோச்சு."

எங்கிருந்தோ ஒருவர் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை, பிடித்து வைத்திருந்த மூச்சை விடுகிற சிரிப்பு. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்தார். யாரையும் பார்க்காமல், பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

போச்சு, நீட்டிப்பும் போச்சு என்று நினைத்தேன். அஞ்சலையும் அதையேதான் நினைத்திருப்பாள். மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்து, "வூட்டுக்குப் போலாமா, மேடம்?" என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

வெளியே வந்தோம். ஓட்டல் வாசலைத் தாண்டி ஓர் எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கதவுக்குள்ளே பெரியவர். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார்.

"டியூபுய்யா, டியூபு! ஜாடியில போடுவோமே, அது! எடுத்து வளைச்சுப் பாரு... வளைச்சுப் பாருன்னா! வளையுதா, வளையலையா?"

எதிரே சிற்பக்கூடத்தில் உளிச் சத்தம் நின்றது. நேற்றைய சிற்பி பீடத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், இந்தப் பெரியவருக்கும் அதே பேஜாரா?"

சிரிக்கக்கூடாத நேரம். நான் சிரித்துவிட்டேன்.

பூத்துக்குள் பெரியவர் வெகுநேரம் எதிர்முனையைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல ரிசீவரை வைத்தார். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்தார். காலையிலிருந்ததைவிட வயதானவராகத் தெரிந்தார். ஆனால் கண்ணில் ஒரு துறுதுறுப்பு. அஞ்சலையிடம் நான் முந்தின நாள் பார்த்த அதே துறுதுறுப்பு.

"உனக்கு இன்னும் ஒரு வருஷம் குடுத்தா போதுமாம்மா?" என்றார்.

அஞ்சலை தலையை ஆட்டினாள்.

"உனக்குப் போதும். எனக்குத்தான் போதாது போலிருக்கு" என்றார். சொல்லிவிட்டு அவராகவே சிரித்தார். சிரித்தபடியே சாலையைக் கடந்து சிற்பக்கூடத்துக்குப் போய், "அந்த டியூபைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டார். சிற்பி இரண்டு கையாலும் டியூபை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பிள்ளைகளே, தவறு யாருக்கும் வரும். எனக்கு வராத தவறு உங்களுக்கு வரும், உங்களுக்கு வராதது உங்கள் மாணவர்களுக்கு வரும். டியூபைக் கண்ணாடியாக மாற்றிவிடலாம், அது பெரிய காரியமில்லை. அடுத்த தடவை வேறெங்கிருந்தாவது வரும். மூடியிலிருந்து, கையுறையிலிருந்து, உங்கள் ஆசையிலிருந்தே கூட வரும். அதனால்தான் இலை போடாத சாறு ஒன்றை எப்போதும் எடுத்துப் பாருங்கள் என்கிறேன். எடுத்துப் பார்த்து அதில் வரக்கூடாதது வந்தால் துக்கம் கொண்டாடாதீர்கள். அஞ்சலை மாதிரி கத்துங்கள். நீங்கள் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

மூன்றாவது சத்தம் பாக்கி இருக்கிறது.

அந்த ஒரு வருஷத்தில் அவள் ஹெக்சேன் பக்கமே போகவில்லை. குப்பத்தில் இலையைக் கசக்கித்தானே தேய்க்கிறார்கள், வேலை செய்கிற பொருள் என்று ஒன்று இருந்தால் அது தண்ணீரில் கரைகிறதாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தப் பக்கம் போனாள். அப்போது பட்டம் வாங்கப் போதுமான அளவுக்கு ஏதோ கிடைத்தது, சந்தேகமும் கூடவே கிடைத்தது. பட்டம் வாங்கி வேறொரு ஆய்வகத்துக்குப் போன பிறகும் அந்தக் கொடியை அவள் விடவில்லை. நான் ஓய்வு பெற்று, கைக்குக் கை செல்போன் வந்துவிட்ட காலம். ஒரு மத்தியான வேளை, சாப்பிட்டுவிட்டுக் கண் அயரும் நேரத்தில் அவளிடமிருந்து போன்.

"மேடம், இலைச் சாற்றில் ஒரு பொருள் தனியாக வந்திருக்கிறது. வீக்கத்தை அடக்குகிறது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டோம்."

புத்தகத் தமிழ். இஸ்திரி கலையவே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "வட்டம் கீது" என்று வராந்தாவே அதிரக் கத்தின பெண் இவ்வளவு நிதானமாகச் சொன்னால், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

"இலை போடாமல் எடுத்துப் பார்த்தாயா?" என்றேன்.

"அதுதான் மேடம், தகடு இப்போது ஜாடிக்குள் இருக்கிறது. நீங்களும் கூட இருக்க வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். வைத்துவிடாதீர்கள்."

போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ ஏதோ கேட்டார்கள், "சும்மா இரு" என்று அவள் அதட்டினாள். மூச்சு மட்டும் கேட்டது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"மேடம்!"

"சொல்லுடி!"

"இல்ல, மேடம்! ஒண்ணியும் இல்ல! இலை போடாததுல ஒண்ணியும் இல்ல, மேடம்!"